கம்பத்தில் தொங்கும் டயர் கடை

திங்கட்கிழமை, அக்டோபர் 27, காலை 9.40
இணையதளத்தில் இந்த நிமிடம்வரை முன்பதிவு: 114

பெருமதிப்பிற்குரிய ராடோயிட்சா மாமாவுக்கு,

ராஸ்த்கோ எழுதுவது. இங்கே நானும் மாமியும் நலம். நீங்களும் நலம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நம் ஊரில் அதை நம்புகிறவர்கள் ரொம்பக் குறைவு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வியாழக்கிழமைவரை வெந்நீர் ஊற்று ஆஸ்பத்திரியை விட்டு நகர வேண்டாம். நகர்ந்தாலும் சந்தைத் திடலில் பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டாம். பால்காரி மிலுங்காவுக்கு இதயம் பலவீனம்.

உங்கள் போன் இங்கே கம்ப்ரசர் மேல் கிடக்கிறது. ஆஸ்பத்திரி நர்ஸோ "சேத்துக் குளியல்ல இருக்காரு" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். பஸ் டிரைவர் வெலிபோர் கொண்டுவருவார்.

நல்ல செய்தியைச் சொல்கிறேன். கடைக்கு இணையதளம் போட்டாகிவிட்டது, மாமா! 114 முன்பதிவு! நெடுஞ்சாலையில் கண்ணாடிச் சுவரும் காபி மிஷினுமாகத் திறந்திருக்கிறானே அந்தப் பெரிய டயர் கம்பெனி, அவன் தலைகீழாக நின்றாலும் இது நடக்காது. உங்களிடம் மறைத்த விஷயம் ஒன்று உண்டு. நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் நாற்பது பேராவது பனிச் சாலைக்கான குளிர்கால டயர் மாற்ற நேரம் பதியாவிட்டால், கடையைப் சூதாட்டப் பந்தயக் கடை நடத்தும் த்ரிஃபுனுக்கு வாடகைக்கு விட்டுவிடுவதாக மாமி வாக்குக் கொடுத்திருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிய மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? நான் பொறியியல் படித்தவன். அழுவதில் நேரம் கடத்தாமல் லேப்டாப்பைத் திறந்தேன்.

வடிவமைப்பில் என் மேல் எந்தத் தப்பும் இல்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். முதல் பக்கம் வெள்ளை, சுற்றிலும் கறுப்புச் சட்டம், ஏனென்றால் டயர் கறுப்பு. உச்சியில் கடைச் சின்னமாக நீங்கள் நட்டுக் கழற்றும் அந்த நாலு கை ஸ்பேனர், நேராக நிமிர்த்தி வைத்தது. அதன் கீழே உங்கள் படம், மாமியிடம் இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்தான், அதில் நீங்கள் உலகத்தை மன்னித்துவிட்ட மாதிரி பார்க்கிறீர்கள். கீழே பெரிய எழுத்தில் பெயர். அதன் கீழே கடை நடந்த காலம்: 1988 – 2025. அடியில் கியூஆர் கோடு. அவ்வளவுதான், தேவையில்லாத ஒரு வார்த்தை கிடையாது. அதையே அச்செடுத்து எங்கே ஒட்டலாம் என்று யோசித்தேன். கடை போர்டை யாரும் பார்ப்பதில்லை, நோட்டீஸ் கொடுத்தால் மீனைச் சுற்றுகிறார்கள். ஆனால் மின்கம்பத்தில் இருக்கும் காகிதத்தை மட்டும் இந்த ஊர் நின்று, கண்ணாடி மாட்டி, கடைசி வரிவரை படிக்கிறது. செர்பியாவில் இதைவிட நல்ல விளம்பர இடம் ஏது? சனிக்கிழமை சாயங்காலம் சந்தை, பேக்கரி, தேவாலயச் சுவர், கம்பம் கம்பமாக ஒட்டினேன். அந்தக் கம்பங்களில் ஊர் என்ன படிக்கிறது என்று ஒரு நிமிடம் நிதானித்திருக்கலாம். நிதானிக்கவில்லை.

ஞாயிறு காலை எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு குதித்தபடி வாசலுக்கு ஓடினேன். "மாமி! எல்லாரும் வராங்க! ஜெயிச்சிட்டோம்!"

வாசலில் கறுப்பு உடையில் பத்துப் பன்னிரண்டு பேர். கையில் மெழுகுவர்த்தி, செத்தவர் பெயரில் படைக்கும் அவித்த கோதுமை, சாவு வீட்டுக்கே உரிய இரட்டைப்படையில் பூக்கள். முன்னால் உங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற ஜிவோட்டா, ராக்கியா சாராய பாட்டிலோடு. முதல் சொட்டை உங்கள் ஆத்மாவுக்காகத் தரையில் ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன்டா குதிக்கிற? மாமன் செத்த துக்கத்துல மண்டை கலங்கிடுச்சா?"

"யாரு செத்தது? அவரு இடுப்பு வலிக்குச் சேறு பூசப் போயிருக்காரு!"

"அப்ப கம்பத்துல தொங்குறது யாரு, உங்கப்பனா?"

"அது வெப்சைட்டு!"

"கறுப்புக் கட்டம், மேல சிலுவை, கீழ ரெண்டு வருஷம். ஏன்டா படிச்சவனே, எங்கப்பா செத்தப்பவும் இதே வெப்சைட்டுதான்டா கம்பத்துல ஒட்டினோம்!"

"சிலுவை இல்ல, ஸ்பேனர்!"

"அவன் வாழ்க்கையே அதானேடா" என்று பின்னால் ஒரு பெண்மணி ஓவென்று அழுதார்.

அந்த நேரம் பார்த்துச் சந்தையிலிருந்து மாமி வந்தார். வழியெல்லாம் அவரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள், முட்டைக்காரி காசே வாங்கவில்லையாம். "எனக்குச் சொல்லாம ஊருக்கெல்லாம் சொல்லியிருக்காங்க அந்த ஆஸ்பத்திரிப் பாவிங்க" என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நர்ஸ் சொன்னாள்: "சூப்புல உப்பில்லைன்னு சமையக்காரரோட சண்டை போட்டுட்டு, இப்பதான் சேத்துக்குள்ள இறங்கினாரு."

"அவருதான்" என்றார் மாமி. பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் செருப்பைக் கழற்றி என்மேல் எறிந்தார். குறி தப்பவில்லை.

விஷயம் இதுதான், மாமா. அடக்கம் எத்தனை மணிக்கு என்று பார்க்கத்தான் ஊரே கியூஆர் கோடை ஸ்கேன் செய்திருக்கிறது. 'நேரத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்று இருந்ததும், துக்கம் விசாரிக்க வரிசை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பதிந்துவிட்டார்கள். கார் எண்ணும் டயர் அளவும் நிரப்பாமல் படிவம் நகராது, அது என் ஏற்பாடு. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அழுகையோடு போய்க் குனிந்து டயரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். குறிப்புப் பகுதியில் ஒருவர், "மனைவி மற்றும் மலர்வளையத்துடன்." இன்னொருவர், "பனியில் என் மகள் கல்யாணக் காருக்கு டயர் மாற்றிக் கொடுத்த மனிதர். நான் நன்றி சொன்னதில்லை." நெடுஞ்சாலைக்காரனுக்கு இப்படி ஒரு வரி எழுதுவார்களா?

எல்லோருக்கும் பதில் அனுப்பிவிட்டேன்: "ராடோயிட்சா உயிருடன் இருக்கிறார். உங்கள் நேரத்தில் மாற்றமில்லை. மலர்வளையம் வேண்டாம், டயர் கொண்டு வரவும்." ஆனாலும் மாமி நம்பவில்லை. செத்தவருக்காகப் பதிந்தவர்கள் உயிரோடு இருப்பவருக்காக வருவார்களா என்கிறார். த்ரிஃபுனின் வாடகை ஒப்பந்தக் காகிதம் இன்னும் அவர் பையில்தான். ஆகவே நீங்கள் அங்கேயே இருங்கள். நான் சத்தமில்லாமல் எல்லாக் கம்பத்திலும் கிழித்துவிடுகிறேன். ஊர் மறக்கட்டும்.

உங்கள் இடுப்பு குணமாகி, சூப்பில் உப்பும் சேர்ந்து, நெடுநாள் (இதை அழுத்தி எழுதுகிறேன்) நீங்கள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
செருப்படி பட்ட மருமகன்
ராஸ்த்கோ

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் இனி செல்லாது. கடிதத்தைக் கொடுக்கச் சந்தைத் திடலுக்குப் போனேன். வெலிபோரின் பஸ்ஸிலிருந்து நீங்களே இறங்கினீர்கள். பக்கத்துச் சேற்றுத் தொட்டியில் இருந்தவர் உங்கள் கம்பத்துப் படத்தைப் போனில் காட்டினாராமே. மிலுங்கா மயங்கி விழவில்லை, பால் கேனைக் கீழே வைத்துவிட்டு வந்து உங்கள் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். நீங்களும் ஊர்க்காரர்தானே, கம்பத்தடியில் நின்று கண்ணாடி மாட்டிக் கடைசி வரிவரை படித்தீர்கள். நான் கிழிக்கக் கையை நீட்டினேன்.

"தொடாத. முப்பத்தேழு வருஷமா போர்டு மாட்டி வச்சிருக்கேன், ஒரு பய நிமிர்ந்து பாத்ததில்ல."

அதற்கப்புறம் நேரே கடைக்குப் போய்க் கம்ப்ரசரைப் போட்டீர்கள். வாசலில் இப்போதே ஆறு கார்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் கூரையில் மலர்வளையம். மாமி எட்டிப் பார்த்துவிட்டுப் பையை மூடினார். நீங்கள் முழுசாகப் படிக்கும் ஒரே இடம் அதுதான் என்பதால், இந்தக் கடிதத்தைக் கடைக்கு எதிர்க் கம்பத்தில் ஒட்டுகிறேன். இனி நான் செய்யப்போவது:

1. சட்டத்தை நீல நிறமாக்குவது. ஸ்பேனரைச் சாய்த்து வைப்பது.

2. 2025-ஐ அழித்து, அந்த இடத்தைக் காலியாக விடுவது.

3. நீங்கள் சிரிக்கும் படம் ஒன்று எடுப்பது. (இதற்கு நாளாகும்.)

4. ராக்கியாவைத் திருப்பிக் கேட்கும் ஜிவோட்டாவுக்கு, அது முடிந்துவிட்டது என்று தெரிவிப்பது.

5. நவம்பர் 1, காலை 10 மணி: த்ரிஃபுன். மாமியிடம் துக்கம் விசாரிக்கவும் கையெழுத்து வாங்கவும் ஒன்றாகச் சேர்த்துப் பதிந்திருக்கிறான், டயர் அளவோடு. நாலு சக்கரத்தையும் நானே கழற்றுவேன். அந்தக் காகிதத்தை மாமி அவன் முன்னால் கிழித்த பிறகு மாட்டுவேன்.