ஜன்னலை விழுங்கிய சுவர்

"பிளாஸ்டிக்தான்னு அரை மைல் தள்ளி நின்னாலே தெரியுது, கிளிஃப்."

"உனக்குத் தெரியும், நீ கடையிலயே பார்த்தவ. அந்த அதிகாரிப் பொண்ணுக்கு என்ன தெரியும்?"

"அவளுக்கு அதுதானய்யா வேலையே!"

யார்க்‌ஷயர் மேட்டில், முந்நூறு வருஷத்துக் கல்வீட்டின் முன்னால் கிளிஃபர்டும் அவர் மனைவி பெவர்லியும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் கவுன்சில் அதிகாரி, மதியம் வருவதாகப் போன் செய்திருந்தாள். கிளிஃபர்டோ போன குளிர்காலத்தில் யாரிடமும் அனுமதி கேட்காமல் பாதுகாக்கப்பட்ட பழைய வீடுகளில் கூடாத பிளாஸ்டிக் ஜன்னலைச் சமையலறைக்குப் போட்டிருந்தார். பழைய ஜன்னலில் நுழைந்த குளிரால், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோட்டைக் கழற்றாமல் சமைத்த பெவர்லி, இப்போதுதான் சட்டைக் கையை மடித்துவிட்டு ரொட்டி சுடுகிறாள். பிடுங்கச் சொல்லிவிட்டால்?

முதலில் ஐவிக் கொடியை அறுத்துவந்து ஜன்னலை மூடினார். செம்மறிகள் மேய்ந்து தீர்த்தன. கண்ணாடி முழுக்க எச்சில்.

அடுத்து வைக்கோல் கட்டுகளை அடுக்கினார். பக்கத்துப் பண்ணைச் செம்மறிகளும் வந்து சேர்ந்துகொண்டன.

"ஜன்னலே இல்லாம பண்ணிடறேன் பாரு!"

சாந்தில்லாமல் கல்மேல் கல் அடுக்கிச் சுவர் எழுப்புவது அவருக்குக் கைவந்த வேலை. வயல் சுவர்க் கல்லின் நிறம் ஒத்துவரவில்லை. வீடு கட்டிய காலத்திலேயே அதே கல்லில் எழுப்பிய பின்பக்கக் கொட்டகையின் ஒரு மூலையைப் பெயர்த்துவந்து அடுக்கினார். அச்சு அசலாகப் பொருந்தியது. பழசாகத் தெரியட்டும் என்று தயிரும் சாணமும் குழைத்துப் பூசினார். நாய் தயிரை மட்டும் பிரித்து நக்கியது.

"இருட்டுல உப்புன்னு சர்க்கரையக் கொட்டிட்டேன், பாவி மனுஷா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அதிகாரி பிலிப்பா சேற்று பூட்ஸோடு வந்தாள். சுவரைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"சமையலறைக்கு ஜன்னலே இல்லையா?"

"அந்தக் காலத்துல ஜன்னலுக்கெல்லாம் வரி போட்டாங்களே மேடம்! பாட்டனுக்குப் பாட்டன் அடைச்சுட்டாரு."

"பாவம் உங்க மனைவி. நல்ல பிளாஸ்டிக் ஜன்னலா ஒண்ணு போட்டுக் குடுங்க."

கிளிஃபர்ட் ஓரடி முன்னால் வந்தார். "போடலாமா?"

"தாராளமா! இந்த வீட்டை யார் யாரோ இஷ்டத்துக்கு மாத்திட்டாங்கன்னு நாங்க எப்பவோ கைவிட்டாச்சு. போன வாரந்தான் உங்க கொட்டகையைப் பாதுகாப்புக்குள்ள கொண்டுவந்தோம். நாலு மூலையும் இடியாம நிக்கிறது இந்தப் பக்கத்துலயே அது ஒண்ணுதானாம். கொஞ்சம் கூட்டிட்டுப் போய்க் காட்டுறீங்களா?"