மருந்து வைக்கிற மாப்பிள்ளை

செவ்வாய்க்கிழமை காலையில், ஓசூருக்கு வந்திருந்த நஞ்சம்மா மருமகன் வீட்டு இட்லியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மத்தியானம் சோறும் வேண்டாமாம். தன் ஊரான ஆனேக்கல்லில் இருந்து கொண்டுவந்த ராகி மாவில் தனியாகக் களி கிண்டி, யார் கையும் படாமல் பார்த்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஷிப்ட் முடிந்து வந்த தீர்த்தகிரிக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவி முனிலட்சுமி அவனைச் சமையலறைக்குள் இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னாள்.

"நீங்க யாருக்கோ மருந்து வெக்கப்போறீங்களாம். அம்மா தன் காதாலயே கேட்டாங்களாம்."

கேட்டது நிஜம்தான். முந்தின நாள் சாயங்காலம் வாசலில் நின்று, கம்பெனியில் பக்கத்து லேத்தில் வேலை செய்யும் மாடசாமியிடம் அவன் பேசிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மருந்து வைத்துவிடலாம், அளவு மட்டும் தப்பக் கூடாது, ஒரு சிட்டிகை கூடினாலும் மூஞ்சி இருக்காது என்று சொன்னான். திருநெல்வேலிக்காரனான மாடசாமியும் "பாத்து வையும்வே" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனான்.

மருந்து தோட்டாவுக்கு. தீர்த்தகிரியிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. ஊத்தங்கரைப் பக்கம் கடலைக்காட்டுக் காவலுக்கு அவன் பெரியப்பா வாங்கி, கடைசிக் காலத்தில் லைசென்ஸோடு இவன் பேருக்கு மாற்றிக் கொடுத்தது. சீமையில் செய்த, வாய் சிறுத்த பழைய துப்பாக்கி. போல்ட்டை இழுத்து, குண்டு பொருத்திய ரவுண்டை ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். அந்த அளவு ரவுண்டு இப்போது பெங்களூர்க் கடைகளில்கூடக் கிடைப்பதில்லை. அதனால் சுட்ட காலித் தோட்டாவைத் துடைத்து, தட்டினால் தீப்பிடிக்கும் கேப்பை மாற்றி, மருந்து வைத்து, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய குண்டை மேலே பொருத்தி, அவனே மறுபடி ரவுண்டாக்குவான். அதற்கும் அனுமதி வாங்கி வைத்திருந்தான். சுடுவதில் அவனுக்கு அவ்வளவு ஆசை கிடையாது. இந்தத் துடைப்பதும் அளப்பதும்தான் உயிர். வாய் பிளந்து உபயோகமில்லாமல் போன காலித் தோட்டாக்களைக்கூடத் தூக்கிப்போட மனசில்லாமல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தான்.

ஆனேக்கல் பக்கத்தில் மருந்து வைப்பதென்றால் அர்த்தமே வேறு. சோற்றில் கலந்து கொடுத்து ஆளை மயக்குவது. யார் சொன்னதையும் கேட்காத தன் மகள், கல்யாணமான நாளில் இருந்து இந்த ஆளின் காக்கிச் சட்டையைத் தேய்த்துத் தேய்த்துத் துவைப்பதற்குக் காரணம் என்ன என்று நஞ்சம்மாவுக்கு இப்போதுதான் விளங்கியது.

உண்மையைச் சொன்னால் தீர்ந்தது. அதைத்தான் சொல்ல முடியாது. கல்யாணமான வாரமே முனிலட்சுமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"எங்கம்மாவுக்கு பட்டாசுச் சத்தம் கேட்டாலே மயக்கம் வந்துடும். வீட்ல துப்பாக்கி இருக்குதுன்னு தெரிஞ்சா உசுரே போயிடும். அப்படி ஒண்ணு ஆச்சுன்னா அதை ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டுதான் நீங்க வீட்டுக்குள்ள வரணும்."

ஆகவே மாமியார் வரும்போதெல்லாம் துப்பாக்கி பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போய்விடும். அதைப் பிரிந்து இருப்பது தீர்த்தகிரிக்குச் சாதாரண விஷயமில்லை. நல்லநாள் பார்த்து அதைக் கையில் கொடுத்த பெரியப்பாவின் முகம் நினைவுக்கு வந்துவிடும்.

அவன் மாமியார் முன்னால் போய் நின்று ஒரு பொய் சொன்னான். அது வயிற்றுவலி மருந்து, கம்பெனி ஆட்களுக்குப் பண்ணித் தருவது, அளவு கூடினால் காரத்தில் மூஞ்சி சுருங்கிவிடும் என்றான். நஞ்சம்மா முகம் மலர்ந்துவிட்டது.

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதா மாப்ளே. எனக்கும் நெஞ்சு எரிச்சலா இருக்குது. கொஞ்சம் குடுங்க."

கேட்டால் கொடுத்துத்தானே ஆகவேண்டும். ஓமத்தையும் சுக்கையும் வறுத்து இடித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். பாவி மருந்து உடனே கேட்டுவிட்டது. நஞ்சம்மா எழுந்து வாசலுக்கு வந்து, காயப்போட்ட மிளகாயில் உட்கார்ந்த காக்காயை ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து ஒரே புளியங்கொட்டையை எறிந்து விரட்டினாள். அப்படியே சிப்காட் லைன் வீடுகள் முழுக்க மருமகன் பெருமையைப் பரப்பப் புறப்பட்டாள். பக்கத்து வீட்டு வெங்கடசாமியிடம் மரியாதைக்குத் தெலுங்கிலேயே சொன்னாள்: எங்கள் மருமகன் வீட்டிலேயே மந்து செய்கிறார்.

தெலுங்கில் மந்து என்றால் மருந்தும்தான், பாட்டிலில் வருகிற சரக்கும்தான். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. ஓசூரில் தாகம் எடுத்தவர்கள் கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளிக்கு பஸ் ஏற வேண்டும். அன்று சாயங்காலமே வெங்கடசாமி துண்டுக்கடியில் டம்ளரை மறைத்துக்கொண்டு தீர்த்தகிரியின் கொல்லைப்பக்கம் வந்து நின்றார்.

"எனக்கு ரெண்டு ரவுண்டு போதும்ப்பா. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

தீர்த்தகிரி அவசரமாகப் பின்கதவைச் சாத்தினான். "ரவுண்டு இருக்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"உங்க மாமியார்தான்."

மாமியாருக்குத் தெரிந்துவிட்டதா, தெரிந்துமா இன்னும் மயக்கம் போடவில்லை என்று அவன் குழம்பிப் போனான். எதற்கும் இந்த ஆளின் வாயை அடைப்போம் என்று காதருகில் குனிந்து கெஞ்சினான்.

"அடுத்தவங்களுக்குக் குடுத்தா என்னைத் தூக்கி உள்ள வெச்சுடுவாங்கண்ணே. மருந்துகூட நான் பண்றதில்ல, வெளியில வாங்கறதுதான். நான் ஈயத்தை மட்டும் காய்ச்சி ஊத்தறேன்."

"ஈயத்தையா ஊத்தறே?"

"அது இல்லன்னா வேலை செய்யாதுண்ணே."

வெங்கடசாமி டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். தீர்த்தகிரி ஈயம் கலந்து சாராயம் காய்ச்சுகிறான் என்ற செய்தி விளக்கு வைப்பதற்குள் லைன் முழுக்கப் பரவிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போலீஸ்காரர் பெருமாள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். பின்னால் ஊரே நின்றது. மருந்து காய்ச்சுகிறாயாமே, பானை எங்கே என்று கேட்டார். தீர்த்தகிரி வாயைத் திறப்பதற்குள் நஞ்சம்மா ஓடிவந்து, என் மாப்பிள்ளை தங்கம், இதுதான் அவர் மருந்து என்று ஓமப் பொட்டலத்தை அவர் மூக்குக்கு நேராகப் பிரித்தாள். பெருமாள் தும்மி முடிக்க வெகுநேரம் ஆனது. அந்தக் கோபத்தோடு கட்டிலுக்கடியில் குனிந்தவர், அடியில் ஈயம் ஒட்டிய இரும்புச் சட்டியை இழுத்து வெளியே போட்டார். கூட்டம் "உச்" கொட்டியது.

"நட ஸ்டேஷனுக்கு."

சாராயக் கேஸ் என்றால் வேலை போகும், லைசென்ஸும் கூடவே போகும். வாயைத் திறந்தால் மாமியார் உயிர் போகும், துப்பாக்கியும் போகும். எப்படிப் பார்த்தாலும் பெரியப்பா கொடுத்தது கையில் நிற்காது. முனிலட்சுமி, சொல்லாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினாள். ஆனால் தனக்காகப் போலீஸோடு மல்லுக்கு நிற்கிற மாமியாரை அவன் பார்த்தான். இந்த மனுஷியிடம் இதற்குமேல் பொய் சொல்ல முடியாது.

"முனி, சொம்புல தண்ணி எடுத்துகினு வா. அத்தே, நீங்க கண்ணை மூடிகினு உக்காருங்க."

பீரோவுக்குப் பின்னால் கைவிட்டு எடுத்தான். சேலையைப் பிரித்துத் துப்பாக்கி, மருந்து டப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில், லைசென்ஸ், அனுமதிக் காகிதம் எல்லாவற்றையும் வரிசையாகக் கட்டிலில் வைத்தான். மருந்து என்றால் இதுதான், ஈயம் இதற்குத்தான், வயிற்றுவலி என்றது பொய், மன்னித்துவிடுங்கள் அத்தே என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

பெருமாள் காகிதங்களைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நஞ்சம்மா மயங்கி விழவில்லை. மெல்ல நடந்துவந்து துப்பாக்கியை எடுத்தாள். வாயைத் தரைப்பக்கம் பிடித்துக்கொண்டு போல்ட்டை இழுத்தாள். உள்ளே ரவுண்டு இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கி, குழாய்க்குள் பார்த்தாள். நன்றாகத் துடைத்திருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

அம்மாவுக்கென்று கொண்டுவந்த தண்ணீரை முனிலட்சுமியே மடமடவென்று குடித்தாள்.

நஞ்சம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"மாப்ளைக்குத் துப்பாக்கியப் பாத்தாலே ஜன்னி வந்துடும்னு சொன்னியேடி, அதை நம்பி என்னோடதை ஆனேக்கல்லயே பூட்டி வெச்சுட்டு வந்துட்டேனே."