ஓடச் சொன்னால் ஓடுவார்கள்

அரசுப் பள்ளியில் ஒரு வேலை யார் தலையில் விழும் என்பதற்கு எழுதாத விதி ஒன்று உண்டு. மீட்டிங்கில் கொட்டாவி விட்டு மாட்டிக்கொள்கிறவர் தலையில்தான் விழும். கல்யாண ஊர்வலத்தில்கூட கையைக் கட்டிக்கொண்டு நடக்கும் நான், பிள்ளைகளுக்கு டான்ஸ் மாஸ்டர் ஆனது அப்படித்தான். அப்போது எனக்கு வேலை புதிது. களைப்பு மட்டும் இன்றைக்கு இருக்கும் அதே அளவு அன்றைக்கே இருந்தது.

ஆந்திராவில் நகரிப் பக்கத்தில் எங்கள் பள்ளி. தெலுங்குப் பிள்ளைகள்தான் அதிகம். தமிழ்ப் பிரிவு என்பது கடைசி இரண்டு அறைகள். அதில் நான் கணக்கு வாத்தியார். ஆண்டு விழாவில் எங்களுக்கு ஒரே ஒரு ஐட்டம். முந்தைய வருஷம் அது ஒரு சொற்பொழிவு. பேசி முடித்த பிள்ளைக்குக் கைதட்டக்கூட ஆளில்லை, எல்லோரும் போண்டா அண்டாவைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஹெச்.எம். மேடம் சலித்துப் போய்விட்டார்.

"ஈசாரி பாகா லேகபோதே நெக்ஸ்ட் இயர் தீசேத்தாம் மாஸ்டாரு." (இந்த முறையும் சரியில்லை என்றால் அடுத்த வருஷம் தமிழ் ஐட்டமே கிடையாது என்று அர்த்தம்.)

இது எப்படியோ எங்கள் பிரிவில் படிக்கும் ஹேமாவின் அப்பா முனிரத்னம் காதுக்குப் போய்விட்டது. பவர்லூம் ஓட்டுகிறவர். பள்ளிக்கூட கேட்டிலேயே என்னைப் பிடித்தார்.

"விழா பூரா தெலுங்குப் பாட்டே கேட்டுக்கினு கீறோம் சார். ஒண்ணே ஒண்ணு நம்ம பாட்டு ஸ்டேஜ்ல போட்டா போதும். உட்றாதீங்க."

"நான் இருக்கிறேன்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

பாட்டைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். சினிமாப் பாட்டு இல்லை; யாரோ ஒரு பையன் கிடாரை வைத்துக்கொண்டு பாடிய பாப் பாட்டு. நிலா, மழை, குடை, வா வா என்று போகும். டான்ஸ் தெரிந்தவர்கள் ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொண்டே ஸ்டெப் போடுவார்களாம். எனக்கு அது வரவில்லை. எண்ணினால் கால் நின்றுவிடுகிறது, காலை ஆட்டினால் எண் தப்பிவிடுகிறது. (கணக்கு வாத்தியார். வெளியில் சொல்ல வேண்டாம்.)

அதனால் நானே ஒரு முறை கண்டுபிடித்தேன். தாளத்தை மறந்துவிடு, வார்த்தையைப் பிடி. நிலா என்று வந்தால் தலைக்கு மேல் கையை வட்டமாக்கு. மழை என்றால் விரல்களை உதறு. வா என்றால் கூப்பிடு. ஓடு என்றால் மேடையின் அடுத்த பக்கத்துக்கு ஓடு. நல்லவேளையாக அந்த வார்த்தை பாட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் வரும். "பாட்டு என்ன சொல்லுதோ அதச் செய்யுங்க. வேற எதையும் யோசிக்காதீங்க" என்று தொண்டை கட்டும் வரை தினமும் கத்தினேன். பிள்ளைகள் பிரமாதமாகப் பிடித்துக்கொண்டார்கள். இந்த முறையை ஊருக்கெல்லாம் சொல்லித் தரலாமா என்றுகூட யோசித்தேன்.

விழா அன்று பகல் முழுக்க ஒத்திகை பார்த்ததில் என் போன் செத்துவிட்டது. பாட்டின் பெயரை மைக் செட்காரரிடம் சொன்னேன். அவர் தன் போனில் தேடிப் போட்டார். அதே கிடார், அதே மெட்டு. நான் மேடை ஓரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றேன். பையன் பாட ஆரம்பித்தான், தெலுங்கில்.

அதே பையன் அதே பாட்டைத் தெலுங்கிலும் பாடியிருக்கிறான். ஆந்திராவில் அது தெரியாத ஒரே ஆள் நான்.

நம் பிள்ளைகள் தெலுங்கில் மிட்டாய் வாங்கித் தமிழில் சண்டை போடுகிறவர்கள். துளியும் தடுமாறவில்லை. தெலுங்கில் மழை வந்தது, விரலை உதறினார்கள். நிலா வந்தது, வட்டம் போட்டார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போது பல்லவி வந்தது. தமிழில் 'வா வா' என்று கூப்பிடுகிற இடம் முழுவதும் தெலுங்கில் 'பரிகெத்து, பரிகெத்து'. அதாவது ஓடு, ஓடு.

ஓடினார்கள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். மேடை போதவில்லை. ஹேமா படியில் இறங்கினாள், மற்றவர்கள் பின்னாலேயே இறங்கினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மண்டல அதிகாரியைச் சுற்றி, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, போண்டா அண்டா வரை போய்த் திரும்பினார்கள். நான் இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தச் சொன்னேன். மைக் செட்காரர் சத்தம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு கூட்டி வைத்தார்.

பாட்டு முடிந்து ஹேமாவைப் பிடித்தேன். "எதுக்கும்மா ஓடின?"

"பாட்டு ஓடச் சொல்லிச்சு சார். வேற எதையும் யோசிக்காதீங்கன்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு.

முனிரத்னம் ஷிஃப்டை விட்டுவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். "புள்ளைங்க நல்லா ஓடிச்சிங்க சார்" என்றார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் ஹெச்.எம். மேடம் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போச்சு என்று போனால், மனுஷி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரிக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். "நெக்ஸ்ட் இயர் கூடா அதே பெட்டண்டி மாஸ்டாரு." அடுத்த வருஷமும் அதையே போடச் சொல்லிவிட்டார்.

தமிழ் ஐட்டம் பிழைத்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் அதே தெலுங்குப் பாட்டு, அதே ஓட்டம். ஒருமுறை தமிழ்ப் பாட்டைப் போட்டுப் பார்த்தேன். எப்போது ஓடுவார்கள் என்று கூட்டம் கூச்சல் போட்டது, பாதியில் மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது பிள்ளைகள்தான் ஓடுகிறார்கள், மூச்சு வாங்குவது எனக்கு.

போன மாதம் மனைவியோடு புத்தூர் பஸ்ஸுக்கு நின்றபோது முனிரத்னம் தன் மச்சானோடு எதிரில் வந்தார். மச்சானிடம் என்னைக் காட்டி மரியாதையாகத்தான் சொன்னார். என் மனைவி அதை இன்றுவரை வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

"இவருதான் நம்ம தமிழ் செக்சன் சாரு. தெலுங்குப் பாட்டுன்னா உசுரு இவருக்கு."