மரகதம் அடித்த மூன்று கொசுக்கள்

பதினான்கு மாதங்கள், திங்கள் முதல் வெள்ளி வரை, பிற்பகல் இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி வரை, அலுவலகம் போகிறவர்களுக்குரிய ஒழுங்கோடு நான் பொய் சொல்லியிருக்கிறேன். சனியும் ஞாயிறும் விடுமுறை. பண்டிகை நாட்களில் தொடரை நிறுத்திவிட்டுச் சிறப்பு நிகழ்ச்சி போடுவார்கள் என்பதால் அன்றும் பொய் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கதையை என் வீட்டார் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும்போது நான் இன்னும் மோசமானவளாகத் தெரிவேன். எனவே முந்திக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பம்பாயில் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகி அதே ஊரில் செம்பூருக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை. மொழிபெயர்ப்பு என்றதும் காவியங்களை நினைத்துவிட வேண்டாம். மிக்ஸி, துணி துவைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றோடு ஒரு சிறு புத்தகம் வருமல்லவா, யாரும் படிக்காமல் இழுப்பறையில் போடுவது, அதைத் தமிழாக்குவதே என் பணி. ‘கருவியைச் சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி வைக்கவும். ஈரக் கையால் தொட வேண்டாம்.’ நிறையப் படித்தவள் என்ற எண்ணம் அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. அப்படிப்பட்டவள் காலை முழுவதும் ஈரக் கையால் தொட வேண்டாம் என்று எழுதிக்கொண்டிருந்தால், பிற்பகலில் அவள் மனம் எதையாவது ஈரக் கையால் தொட்டுப் பார்க்கத்தான் ஏங்கும்.

செம்பூரின் பிற்பகல் அதற்குத் தோதானது. சாப்பிட்ட பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தப்பட்டிருக்கும். திரைச்சீலையை இழுத்துவிட்டால் அறை முழுவதும் தேநீர் நிறத்தில் ஒரு வெளிச்சம் தங்கும். ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் கனவில் வருவதுபோல வந்து போகும். அதன் நிழல் சுவரில் ஏறி, தொலைக்காட்சியின் மேல் ஊர்ந்து, மறுபக்கம் இறங்கிவிடும். அந்த வேளையில் ஒரு தமிழ்த் தொடரின் மறுஒளிபரப்பு வரும். ஒலியை மிகவும் குறைத்து வைத்துப் பார்ப்பேன். (தொடர் பார்ப்பவர்களைப் பற்றி நான் நண்பர்களிடம் சொல்லிவைத்திருந்த கருத்துகள் அப்படி.)

எவ்வளவு குறைத்தும் எதிர்வீட்டுக் காகுவுக்குக் கேட்டுவிட்டது. காகு என்பது மராத்தியில் சித்தி மாதிரி ஓர் உறவு முறை. கட்டடமே அவரை அப்படித்தான் அழைத்தது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகன் அமேய், முலுண்டில் வேலை. ஒரு நாள் கிண்ணத்தில் ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பை எடுத்துக்கொண்டு வந்தவர், திரையைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“சொல்லு வித்யா, என்ன நடக்கிறது?”

அவர் பேசியது மராத்தி கலந்த பம்பாய் இந்தி. தமிழில் தருகிறேன். (இம்முறை கூட்டாமல், குறைக்காமல்.)

திரையில் மரகதம் என்ற மாமியார், பூங்கோதை என்ற மருமகளின் நகைப்பெட்டியைத் திருடிக்கொண்டிருந்தாள். இதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் கையில் ஸ்ரீகண்ட், எதிரில் அந்தக் கனிந்த முகம். இதுவா உங்கள் தமிழ்க் குடும்பம் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று ஒரு கூச்சம். அதோடு, எழுதியவர் மீது எனக்கிருந்த இலக்கியக் கோபம். “பூங்கோதை பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள், காகு. மாமியார் எடுத்துப் பத்திரப்படுத்துகிறாள்” என்றேன்.

“நல்ல மனுஷி” என்றார் காகு.

அவ்வளவுதான். மறுநாள் இரண்டு இருபத்தைந்துக்கே வந்துவிட்டார்.

அதன் பிறகு மரகதத்துக்கு இரண்டு வாழ்க்கைகள். தமிழில் அவள் நாளுக்கு நாள் கொடியவளானாள். என் இந்தியில் நாளுக்கு நாள் மகானானாள். பூங்கோதையின் பாலில் எதையோ கலந்தாள். அது இருமலுக்கு மஞ்சள் என்றேன். பூங்கோதையை அறைக்குள் தள்ளி மூன்று நாள் வெளியே பூட்டினாள். காய்ச்சலில் தூங்குகிற பெண்ணை விருந்தாளிகள் எழுப்பிவிடக் கூடாதென்று பூட்டிவிட்டுக் காவலிருக்கிறாள் என்றேன். முகத்தில் ஏன் எப்போதும் கடுகடுப்பு என்று காகு கேட்டதற்கு, கடைவாயில் ஒரு சொத்தைப் பல், மருமகள் செலவு செய்வாளே என்று சொல்லாமல் மறைக்கிறாள் என்றேன். காகுவுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும்.

ஒரு நாள் மரகதம் பூங்கோதையைக் கன்னத்தில் அறைந்துவிட்டாள். இதற்கு நான் தயாராக இல்லை.

“கொசு” என்றேன்.

அந்தத் தொடரின் வழக்கப்படி அறைந்ததை வலப்பக்கத்திலிருந்தும், இடப்பக்கத்திலிருந்தும், மேலிருந்தும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

“மூன்று கொசுவா?”

“மூன்று, காகு.”

“தமிழ்நாட்டில் கொசு அதிகமோ?”

“மிகவும் அதிகம்.”

அன்று விடுப்பிலிருந்த என் கணவர் அடுத்த அறையில் படுத்திருந்தார். காகு போனதும் வெளியே வந்தார். “நீ மொழிபெயர்க்கறியா, இல்ல அந்த அம்மாவுக்கு வக்காலத்து வாங்கறியா? என்னிக்காவது இது வெடிக்கும் பாரு.”

“யாருக்கு என்ன நஷ்டம்? அவங்களுக்குத் தமிழ் தெரியாது” என்றேன். படித்தவர்களுக்கு வரும் நம்பிக்கை அது.

காகு நடுநடுவே வேறு கேள்விகளும் கேட்பார். உங்களவர்கள் புளி எதிலெல்லாம் போடுவார்கள்? வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைப்பது மாமியாரா, தாயாரா? மருமகளை எப்படிக் கூப்பிடுவார்கள்? ஓய்வு பெற்ற ஆசிரியையின் ஆர்வம் என்று நினைத்து, நானும் பாடம் எடுப்பதுபோலப் பதில் சொல்வேன்.

பதினான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை காகு என்னைத் தம் வீட்டுக்கு அழைத்தார். புதுப் புடவை கட்டியிருந்தார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அமேயுடன் வேலை செய்யும் முத்துச்செல்வி என்ற பெண்ணை அவன் விரும்புகிறான். தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். வேற்று மொழிக்காரர் வீடு என்பதால் பெண்ணின் அப்பாவுக்குப் பாதி மனம்தான். ‘பொம்பளைங்க போய் அந்த அம்மாவப் பாத்துட்டு வாங்க, நீங்க சரின்னா எனக்கும் சரி’ என்று கடையில் உட்கார்ந்துவிட்டாராம். பெண்ணின் அம்மா இசக்கியம்மாளும், அப்பாவின் தங்கையும் வந்திருந்தார்கள். இன்று சரியென்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. அமேய் சுவரோரம் நின்று தன் விரல்களையே எண்ணிக்கொண்டிருந்தான்.

காகு தேநீரும் ஜவ்வரிசியில் செய்த சாபுதானா வடையும் வைத்தார். இசக்கியம்மாள் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “ஒத்தப் பொட்டப்புள்ள. ஒரு சுடுசொல்லு தாங்கமாட்டா. மத்ததெல்லாம் எங்களுக்குப் பெருசில்ல. இவிய மாமியாரா எப்படி இருப்பாவன்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்கம்மா.”

நான் கேட்டேன். காகுவின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் ஓராண்டுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தார் போலும். எனக்காகக் காத்திராமல் அவர்களிடமே இந்தியில் பேசத் தொடங்கினார்.

“நான் தினமும் உங்கள் தொடர் பார்க்கிறேன். மாமியார் என்றால் மரகதம்தான். அவள் பூங்கோதையை எப்படி வைத்திருக்கிறாளோ, உங்கள் பெண்ணை இம்மியும் குறையாமல் அப்படியே வைத்திருப்பேன்.”

இசக்கியம்மாளின் கோப்பை உதட்டருகே நின்றுவிட்டது.

“மதினி,” என்றார் பெண்ணின் அத்தை, குரலை உயர்த்தாமல், “அந்தச் சாயாவக் கீழ வையுங்க. குடிக்காதிய.”

“அது வந்து, அவங்க சொல்ல வர்றது என்னன்னா...” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

“நீங்க சும்மா இருங்கம்மா. எங்களுக்கு இந்தி தெரியும். முப்பது வருசமா அதுலதான் அரிசி விக்கோம்” என்றார் அத்தை.

காகு இதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார். “அவள் பாலில் கலந்து கொடுப்பாளே, நானும் அரைத்து டப்பாவில் வைத்திருக்கிறேன்” என்றார். பிறகு எழுந்து, உள்ளறைக் கதவைத் திறந்து காட்டினார். “இது முத்துச்செல்வியின் அறை. மரகதம் வீட்டில் பார்த்தபடியே செய்திருக்கிறேன்.”

கதவின் வெளிப்பக்கத்தில், பளபளவென்று, ஒரு புதிய பித்தளைத் தாழ்ப்பாள்.

அந்தத் தாழ்ப்பாளை நான் இன்றும் கனவில் காண்கிறேன். பெண்ணின் அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அமேய்க்கு எதுவும் விளங்கவில்லை. எதுவோ முடிந்துவிட்டது என்பது மட்டும் விளங்கியது. காகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ‘சொல்லு வித்யா, என்ன நடக்கிறது?’ என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அதே பார்வை.

நானும் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை.

“காகு, மரகதம் கெட்டவள்.”

“யார் சொன்னது?”

“எல்லாருக்கும் தெரியும். நான்தான் உங்களிடம் மாற்றிச் சொன்னேன். பதினான்கு மாதமாக.” பிறகு இசக்கியம்மாளிடம் தமிழில் சொன்னேன்: “இவங்களுக்குத் தமிழ் தெரியாதும்மா. மரகதத்தை நல்லவளா ஆக்கினது நான். இவங்க பார்த்த மரகதம் வேற.”

காகு மெதுவாக நாற்காலியில் அமர்ந்தார். விடைத்தாள் திருத்துகிறவரின் நிதானத்தோடு கேட்டார்.

“நகைப்பெட்டி?”

“திருடினாள்.”

“பால்?”

“விஷம்.”

“மூன்று நாள் காவலிருந்தது?”

“பூட்டி வைத்தாள். சாப்பாடு போடாமல்.”

“அந்த மூன்று கொசு?”

“அறை, காகு.”

“மூன்றுமா?”

“ஒரே அறைதான். மூன்று தடவை காட்டினார்கள்.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அமேய் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்ன அன்றுதான் ஸ்ரீகண்ட் கொண்டுவந்தேன்” என்றார். “உங்கள் வீட்டு முறை கற்றுக்கொள்ள. வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?” பிறகு, “பாவம், காய்ச்சலோடு பட்டினி கிடந்தாளா அந்தப் பெண்?” என்றார். கண்ணீர் வழிந்தது. அது எனக்காகவோ, நின்றுபோகிற கல்யாணத்துக்காகவோ அல்ல, பூங்கோதைக்காக.

அத்தையின் கை கைப்பையின் பிடியிலேயே இருந்தது. இசக்கியம்மாள் காகுவின் கண்ணீரைப் பார்த்தார். பிறகு தம் நாற்காலியை அவர் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அரிசி விற்ற இந்தியில் சொன்னார்: “என்னிடம் கேளுங்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன்.”

தொடரின் முதல் பகுதியிலிருந்து தொடங்கினார். ஒரு மணி நேரம். நடுவில் காகு “அவளை ஏன் இன்னும் ஜெயிலில் போடவில்லை?” என்று கேட்பார்; இவர் “அதத்தான் நாங்களும் கேக்கோம்” என்று தமிழிலேயே சொல்வார். காகுவுக்கு அது புரிந்தது. என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தட்டுகளை எடுத்து அடுக்களையில் வைத்தேன்.

பாதியில் காகு மகனைக் கூப்பிட்டு ஒரு திருப்புளி கொண்டுவரச் சொன்னார். வந்தவர்களுக்கு முன்னாலேயே அமேய் தாழ்ப்பாளைக் கழற்றினான். நான்கு திருகுகள். கடைசித் திருகு கையில் விழுந்ததும் பெண்ணின் அத்தை கைப்பையைக் கீழே வைத்தார். “சாயா ஆறிப்போச்சி. சூடா ஒண்ணு கெடைக்குமான்னு கேளும்மா.”

அதுதான் நான் அந்த வீட்டில் செய்த கடைசி மொழிபெயர்ப்பு. ஒரு சொல்லும் மாற்றவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனால் அந்த ஞாயிறுக்குப் பிறகு மூன்று வாரங்கள் இரண்டரை மணிக்கு என் கதவு தட்டப்படவில்லை. நான் தனியாகத் தொடர் பார்த்தேன். மரகதம் மரகதமாகவே இருந்தாள், பார்க்கச் சகிக்கவில்லை. நான்காம் வாரம் காகு வந்தார். ஒன்றும் சொல்லாமல் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. படம் பார்த்தே ஊகித்துக்கொண்டு, மூன்று மணிக்கு எழுந்து போனார்.

இப்போது காகுவுக்கு என் உதவி வேண்டாம். மருமகளிடமும் சம்பந்தியிடமும் கற்ற தமிழ், சுத்தமான திருநெல்வேலித் தமிழ், அவர் நாவில் ஓடுகிறது. அறைக் கதவில் அந்த நான்கு திருகு ஓட்டைகளும் அப்படியே இருக்கின்றன. யாராவது கேட்டால் முத்துச்செல்வி “கொசு கடிச்சது” என்பாள். என் வீட்டிலும் மரியாதை போய்விட்டது. சமையல் நன்றாக இருக்கிறது என்று கணவர் சொன்னால், மெய்யா என்று கேட்பேன், “கொசு” என்பார்.

தொடரின் கடைசிப் பகுதி வந்த நாளில் காகுவும், அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்த முத்துச்செல்வியும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் மோனோரயில் போயிற்று. நிழல் சுவரில் ஏறி இறங்கியது. இரண்டு பெண் காவலர்களுக்கு நடுவே மரகதம் தலை குனிந்து நடந்துகொண்டிருந்தாள். இசை இடியாக இடித்தது. காகு ரிமோட்டை எடுத்து ஒலியை நிறுத்தினார். அறை பழைய ஒரு பிற்பகலுக்குத் திரும்பிவிட்டதுபோல இருந்தது.

“வித்யா,” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இவள எங்க கூட்டிட்டுப் போறாவ?”

நான் அவரைப் பார்த்தேன். அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

“கோயிலுக்கு, காகு,” என்றேன். “துணைக்கு ரெண்டு பேர் போறாங்க.”

“கொசு” என்றாள் முத்துச்செல்வி, கணினியிலிருந்து நிமிராமல்.

“நீ சும்மா இருட்டி,” என்றார் காகு. “அவ சொல்லட்டும்.”