குலசாமியைக் கும்பிட நடை பர்மிட்

ஸ்ரீரங்கம்,
கார்த்திகை கடைசி வெள்ளி.

அன்புள்ள தம்பி பிச்சைக்கு, பெரியப்பா மகன் ரெங்கராஜ் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே நீ, வேலம்மாள், பிள்ளைகள், கறவை மாடுகள், நீ புதிதாகச் சேர்த்துக்கொண்டிருக்கும் சைக்கிள்காரர்கள் அனைவரும் சௌக்கியமாக இருக்க ரெங்கநாதரும் நம் பனையடிக் கருப்பும் துணை நிற்கட்டும். கடிதத்தை மரியாதையாக ஆரம்பிக்கச் சொன்னாள் உன் அண்ணி மலர்க்கொடி. ஆரம்பித்துவிட்டேன். மரியாதை இத்துடன் முடிந்தது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ நினைக்கலாம். உன் நம்பருக்கு அடித்தால் ஒரு பெண் குரல், மலையடிவாரச் சைக்கிள் தடத்துக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம், பர்மிட்டுக்கு ஒன்றை அழுத்தவும், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டை அழுத்தவும் என்கிறது. அண்ணன் தம்பியிடம் பேச எதை அழுத்துவது என்று கடைசிவரை சொல்லவில்லை. ஒன்பதை அழுத்திப் பார்த்தேன். என் தலையின் சுற்றளவைக் கேட்டது. ஆகவே தபால்.

உப்பிலியபுரத்து மேட்டுக்காட்டை உன் அப்பாவும் என் அப்பாவும் பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தார்கள், கிணற்றுத் தண்ணீரைப் பிரித்தார்கள், சாமியைப் பிரிக்கவில்லை. கருப்பு உன் பங்கில் இருந்தாலும் நாங்கள் வந்து கும்பிட வழி விட வேண்டும் என்று ஊரார் முன்னால் பேச்சு. என் பங்கை நான் விற்று இங்கே அடையவளஞ்சான் தெருவில் வீடும், அதை ஒட்டி ஒரு காலி மனையும் வாங்கிப் போட்டேன் என்பது உண்மைதான். நிலத்தைத்தான் விற்றேன், குலசாமியை விற்கவில்லை. நீ சோளம் போட்டாய், மரவள்ளி போட்டாய், நான் ஒரு வார்த்தை கேட்டதுண்டா? இப்போது அந்த மரவள்ளிக்கு நடுவே வளைத்து வளைத்துத் தடம் வெட்டி, பச்சைமலைக் காற்றில் மேடு பள்ளத்தில் சைக்கிள் மிதிக்க ஆசைப்பட்டுத் திருச்சியில் இருந்து வருகிற கம்ப்யூட்டர் பிள்ளைகளிடம் நாள் பர்மிட் விற்கிறாய். விற்றுக்கொள். தன் காட்டில் அடுத்தவன் விழுந்து எழுந்திரிக்கக் காசு வாங்குவது உன் சாமர்த்தியம். ஆனால் அண்ணனிடமா? வருஷா வருஷம் வைகுண்ட ஏகாதசிக்குக் குடும்பத்தோடு வந்து என் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போகிறவன் நீ. அந்தக் காபிக்கு நான் என்றாவது காசு கேட்டிருக்கிறேனா?

தை பிறந்ததும் அஜித்தின் மகளுக்கு, என் பேத்திக்கு, கருப்பு முன்னால் காது குத்த வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை பிறந்த வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன் அது. அன்று எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நீதான். வேறு கோவிலில் குத்திக்கொண்டு போ என்று யாரும் எனக்குச் சொல்ல முடியாது, நீயும் சொல்ல முடியாது. பந்தல் எங்கே, பொங்கல் எங்கே என்று இடம் பார்க்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை தேங்காய் பழம் சூடத்தோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, துறையூரில் மாறி, உப்பிலியபுரத்தில் ஆட்டோ பிடித்து வந்தேன். வந்தால், நாம் எப்போதும் உள்ளே நுழைகிற இடத்தில் மூங்கில் தட்டி. தட்டிக்கு முன்னால் பெரிய குடை. குடைக்கு அடியில் மேஜை போட்டு ஓர் அம்மா, கழுத்தில் அமலராணி என்று அட்டை.

“சைக்கிளா சார், நடையா?”

“சாமி கும்பிட வந்திருக்கேன்மா.”

“அந்த மாதிரி இதுல இல்லைங்களே சார். நடைன்னு போட்டுக்கறேன்.”

நான் பிச்சையின் அண்ணன் என்றேன். அந்த அம்மா கோபப்படவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். “காலையிலேர்ந்து நீங்க மூணாவது அண்ணன் சார்” என்று சிரித்துக்கொண்டே உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்திருப்பாய். “அண்ணே, கோச்சுக்காதீங்க. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். கேட்டுல நிக்கிறவங்களுக்குச் சொந்தம் பந்தமெல்லாம் தெரியாதுண்ணே. இதெல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதானே.” என்னிடம் எதைக் கற்றுக்கொண்டாய்? ஆயுசு முழுக்க ரயில்வேயில் சிக்னல் பார்த்தவனுக்கும் பர்மிட்டுக்கும் என்ன சம்பந்தம்? திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன், விளங்கவில்லை.

ஐம்பது ரூபாய் கொடுத்தேன். என் மணிக்கட்டில் ஆரஞ்சுப் பட்டை ஒன்றை ஒட்டினார்கள். உள்ளே விழுந்தால் நில உரிமையாளர் பொறுப்பல்ல என்று ஒரு தாளில் கையெழுத்தும் கேட்டார்கள். சாமி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழப் போகிறவனிடம் இப்படி ஒரு கையெழுத்து. அந்தப் பட்டை தண்ணீரில் வராது, சோப்பில் வராது, கடைசியில் மலர்க்கொடி அரிவாள்மணையில் அறுத்து எடுத்தாள். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள் என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போய்விட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கருப்பைச் சுற்றித் தடம் போட்டாயே, எந்தப் பக்கமாகப் போட்டாய்? இடப்பக்கமாக. வெள்ளையடித்த கல்லில் அம்புக்குறி வேறு. சாமியை வலம் வருவார்கள், பிச்சை. இடமாகச் சுற்றுவது எந்தக் காரியத்துக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை, சுடுகாட்டுக்கு நீயும் வந்திருக்கிறாய். காலையில் இருந்து சாயங்காலம் வரை ஊர்ப்பட்ட பிள்ளைகளைக் கூட்டி வந்து நம் சாமியை இடம் சுற்ற வைத்துக்கொண்டிருக்கிறாய், அதுவும் காசு வாங்கிக்கொண்டு. என்னால் அப்படிச் சுற்ற முடியுமா? இரண்டு பக்கமும் மரவள்ளி அடைத்துக்கொண்டு நிற்கிறது, நடக்க இருப்பது உன் தடம் ஒன்றுதான். செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டை ஏந்தி, கருப்பா என்று சொல்லி வலமாகப் புறப்பட்டேன். பாதிச் சுற்றில் பனைமரத்துக்குப் பின்னால் இருந்து ஒரு சைக்கிள் வந்தது.

என்மேல் மோதாமல் இருக்க அந்தப் பையன் மரவள்ளிக்குள் போனான். அவன்மேல் மோதாமல் இருக்க நான் உன் அம்புக்குறிக் கல்லின் மேல் போனேன். தேங்காய் தட்டை விட்டுப் பறந்து கருப்பின் படியில் விழுந்து சரிபாதியாக உடைந்தது. அந்தப் பையன் பெயர் ஹாலித், பாலக்கரை. எழுந்து, பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, இரண்டு மூடியையும் பயபக்தியாக எடுத்து வந்து என் தட்டில் வைத்தான். “நல்லா ஒடஞ்சிருக்குங்க ஐயா. எங்க பக்கத்து வீட்டுல இப்படி ஒடஞ்சா நல்லதுன்னு சொல்வாங்க. ஆனா இது ஒன்-வேங்க.” எனக்கும் ஒன்-வேதான் தம்பி என்றேன். சுற்ற ஆரம்பித்தவன் பாதியில் விடக் கூடாது, மூன்று வர வேண்டும். நொண்டிக்கொண்டே வந்தேன். நான் வர வர எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அதில் ஒருவன் வீடியோ எடுத்திருக்கிறான். அது எப்படியோ ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்து, பால் வாங்கப் போனால் “என்ன சார், எதிர்த்திசையா?” என்கிறார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக இரண்டு வண்டி வரவிடாமல் பார்த்துப் பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். கடைசியில் அந்த இரண்டாவது வண்டியாக என்னையே ஓடவிட்டாய்.

அப்புறம் நீ மொபெட்டில் வந்தாய், காலைப் பார்த்தாய், மஞ்சள் பத்துப் போடச் சொன்னாய், சரி. அம்புக்குறியைத் திருப்பு என்று நான் சொன்னதற்கு, “கெணத்து மேட்டுல ஏத்தம்ணே, அந்தப் பக்கமா விட்டா யாராலயும் மிதிக்க முடியாது” என்கிறாய். சைக்கிள்காரன் கால் வலிக்கு இருக்கிற மதிப்பு குலசாமிக்கு இல்லை. சரி, காதுகுத்துக்கு என்ன செய்வது என்று கேட்டால், கொஞ்சமும் கூசாமல், “குரூப் பர்மிட் போட்டுக்கலாம்ணே, பத்துப் பேருக்கு ஒருத்தர் ஃப்ரீ” என்கிறாய். பக்கத்தில் நின்ற அமலராணி, இனிமேல் நடையாக வருகிறவர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம், குழந்தைக்கும் சின்ன சைஸ் இருக்கிறது என்கிறார். ஹெல்மெட் போட்ட குழந்தைக்கு ஆசாரி எந்தக் காதைக் குத்துவார்? சொல்.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். காதுகுத்து அன்று என் ஆட்கள் ஒருவருக்கும் பர்மிட் எடுக்க மாட்டேன். அம்புக்குறி வலமாகத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால், அண்ணன் தம்பி என்ற பேச்சு இன்றோடு சரி. இனிமேல் நீ என் வாசலை மிதிக்க வேண்டாம். ரத்த சம்பந்தத்தில் காசு பார்க்கிறவன் முகத்தில் விழிக்க எனக்கு இஷ்டமில்லை. வராந்தாவில் உன் தோளில் சாய்ந்து அழுதவன் நான், அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

வேலம்மாளுக்கு என் ஆசி. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். மாடுகள் குறைவில்லாமல் கறக்கட்டும். உனக்கும் நீண்ட ஆயுசு உண்டாகட்டும், புத்தி அதற்கு முன்னால் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
முழங்காலில் கட்டோடு,
அண்ணன் ரெங்கராஜ்.

பின்குறிப்பு: உறையில் போடுகிற நேரத்தில் மலர்க்கொடி வந்து, “என்னத்தைங்க இவ்வளவு நீளமா எழுதுறீங்க? நேத்தே வேலம்மாகிட்ட பேசி முடிச்சாச்சு” என்கிறாள். காதுகுத்து அன்று தடத்துக்கு லீவாம். நம் ஆட்கள் யாருக்கும் பர்மிட் கிடையாதாம், பந்தல் செலவு உன்னுடையதாம். நான் வந்து போன மறுநாளே அம்புக்குறிக் கல்லை எல்லாம் திருப்பி வைத்துவிட்டாயாம், மேட்டில் மிதிக்க முடியாதவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உறைக்கு ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டதால் அனுப்புகிறேன். மேலே எழுதியதில் ஆசீர்வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்.

பதிலுக்கு வேலம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். இந்த ஏகாதசிக்கு வரும்போதாவது உங்கள் காரை நம் காலி மனையில் நிறுத்த டோக்கன் போட வேண்டாம் என்று. தம்பி, அது எப்படி முடியும்? ஊரே கார் நிறுத்த இடம் தேடும் நாள் அது. ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும். வாசலில் டோக்கன் கிழிக்கிற வசீமுக்குச் சொந்தம் பந்தமெல்லாம் தெரியாது. அதனால் விடிவதற்குள் வந்துவிடு, சில்லறையாகக் கொண்டு வா. காபி எப்போதும்போல் இலவசம்.