மூலத்தைப் பார்த்த கௌதென்சியோ

நாம் எதைப் பார்த்துக் கண்கலங்கினாலும், அதன் மூலத்தை எப்போதோ பார்த்து அழுது முடித்துவிட்ட ஓர் இனம் உலகத்தில் உண்டு. இத்தாலியின் பெர்ராரா நகரில் அந்த இனத்தின் தலைவர் ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர் கௌதென்சியோ. காபி கொடுத்தால் வெனிஸ் காபியைப் பற்றிப் பேசுவார். மழை பெய்தால் போலோஞாவில் இதைவிட நன்றாகப் பெய்யும் என்பார்.

ஒரு குளிர்காலத்தில் நகர அரங்குக்குப் புதிய இசைநாடகம் ஒன்று வந்தது. பழைய துயர நாடகம் ஒன்றை வீரக் கதையாகத் திருப்பி மெட்டமைத்தது. மூல நாடகத்தில் இளவரசன் நஞ்சு குடித்துச் சாவான். இசைநாடகத்தில் மன்னர் மனமிளகி மன்னித்துவிடுவார். எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். வீரர் வேடங்களைப் பெண்கள் பாடுவது அங்கே வழக்கம் என்பதால், இளவரசன் வேடம் கௌதென்சியோவின் தம்பி மகள் எர்சீலியாவுக்குக் கிடைத்தது. முதல் பெரிய வேடம். மூன்று நாள் தாக்குப்பிடித்தால் இசைப் பருவம் முழுக்க வேடம் அவளுடையது. இல்லாவிட்டால் மறுபடி கூட்டுப்பாட்டில் கடைசி வரிசை.

பெரியப்பா வாழ்த்தினாரா? முதல் நாளே அரங்க நாற்காலியில் முனகினார்: "மூலத்துல மாதிரி இளவரசன் செத்திருக்கணும்." மறுநாள் சவரக் கடை, காபிக் கடை, மாதா கோயில் வாசல் எங்கும் அதே பேச்சு. மூல நாடகத்தில் ஒரு வரிகூடப் படிக்காதவர்களெல்லாம் இளவரசனின் உயிரைக் கேட்டார்கள்.

எர்சீலியா காபிக் கடைக்கே வந்துவிட்டாள்.

"பெரியப்பா, நாளைக்கு ஒரு நாள் வாயைத் திறக்காம இருக்கீங்களா?"

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். நீ செத்தா எவ்வளவு நல்லா இருக்கும் தெரியுமா?"

மூன்றாம் நாள். மன்னர் மன்னித்தார். இளவரசன் இறுதிப் பாட்டைத் தொடங்கினான். கீழ்த்தளத்தில் சீழ்க்கை பறந்தது. "சாகச் சொல்லு!" எர்சீலியாவின் குரல் நடுங்கி நின்றது.

முன்வரிசையில் ஒரு கிழவர் தடியூன்றி எழுந்தார். பல்தசாரே, பழைய நாடக நடிகர்.

"மூலத்தைப் பார்த்தவர் யாருய்யா?"

எல்லா விரல்களும் ஒரே பக்கம் நீண்டன. கௌதென்சியோ பெருமையோடு எழுந்தார்.

"எங்கே பார்த்தீங்க?"

"மிலான்ல, முப்பது வருஷம் முன்னால. இளவரசன் உயிர் விட்டப்போ தேம்பித் தேம்பி அழுதேன்."

"அந்த இளவரசன் நான்தான். அப்போ மிலான் கவர்னர் வீட்டுல கல்யாணம். மேடையில சாவு கூடாதுன்னு உத்தரவு. பன்னெண்டு நாள் ஆடினோம், பன்னெண்டு நாளும் நான் சாகவே இல்லையே! யார் செத்ததுக்குய்யா அழுதீங்க?"

அரங்கம் அதிரச் சிரித்தது. முதல் வயலின்காரர் வில்லை உயர்த்தினார். எர்சீலியா பாட்டை முதலிலிருந்து பாடினாள். கௌதென்சியோவுக்குக் காது சுட்டது; வேறு வழியில்லாமல் கேட்டார். ஒரு நிமிடம், ஒரே நிமிடம், எதையும் எதனோடும் ஒப்பிடாமல் கேட்டார். கண்ணில் நிஜமாகவே நீர் வந்துவிட்டது. பயந்துபோய்த் துடைத்துக்கொண்டார். பாட்டு முடிந்தபோது மேல்மாடங்களிலிருந்து பூ கொட்டியது. பருவம் அவளுடையதாயிற்று.

இவர் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுநாள் காலை காபிக் கடையில் சொன்னார்: "பல்தசாரே நேத்து நல்லாத்தான் பேசினார். ஆனா அந்தக் காலத்துல அவர் குரலைக் கேட்டிருக்கணுமே!"

சிரியுங்கள், தவறில்லை. ஆனால் வாசகரே, இதைப் படிக்கும்போது 'இதைவிட நல்லதாக ஒன்று எப்போதோ படித்திருக்கிறேனே' என்று உங்கள் உதடு லேசாகப் பிதுங்கியதா? பெர்ராராவில் உங்களுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.