வாத்துக்குப் பொன்னாடை

இப்போதெல்லாம் ஆட்களுக்கு எதையும் நேரே பார்க்கப் பொறுமையில்லை. வாத்து முன்னால் நின்றாலும் கைபேசியில் வாத்துப் படத்தைத் தேடி எடுத்து, "ஆ, நல்ல வடிவு" என்பார்கள். இது ஆனந்தராஜாவின் நெடுநாள் புறுபுறுப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். டென்மார்க்குக்கு வந்து, பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். அப்படிப்பட்டவருக்குக் கலையின் மகத்துவம் எப்படி விளங்கும்? அதை அவருக்கும் மனித குலத்துக்கும் ஒருசேர விளக்கிவைக்கும் வரலாற்றுப் பொறுப்பைப் பிரெடெரிசியா நகரின் 'முத்தமிழ்க் கலை மேம்பாட்டு மன்றம்' தன் தோளில் ஏற்றிக்கொண்டது. ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில், 'அமெரிக்க வனவிலங்கு ஓவியம்: தோற்றமும் வளர்ச்சியும்' என்று ஒரு மாபெரும் விழா அறிவிக்கப்பட்டது.

ஏன் அமெரிக்கா? மன்றத் தலைவர் செல்வரட்ணத்திடம் ஆழ்ந்து யோசித்த பதில் இருந்தது.

"டெனிஷ் ஓவியம் எண்டால் டெனிஷ்காரன் வந்து பிழை பிடிப்பான். அமெரிக்கா எண்டால் ஆருக்குத் தெரியப்போகுது?"

விழாவின் சிகரம், ஓவியப் போட்டி. உயிருள்ள விலங்கைப் பார்த்துத்தான் வரையவேண்டும் என்பது விதி. செயற்குழு மானைத் தேடிக் காட்டுக்குப் போனது, மான் ஒத்துழைக்கவில்லை. ஆகவே, நகருக்கு வெளியே ஆனந்தராஜா வைத்திருந்த சின்னத் தோட்டத்துக்கு வந்து, பச்சைத் தலையோடு நின்ற அவருடைய ஆண் வாத்தைப் பார்த்தது. அவர்கள் பேச்சில் அது தாரா.

"இது வளக்கிற தாரா. வனவிலங்கு இல்லை," என்றார் ஆனந்தராஜா.

தாரா செல்வரட்ணத்தின் முழங்காலில் ஒரு கொத்துக் கொத்தியது.

"காணும் அண்ணை. எங்களுக்கு இவ்வளவு வனம் போதும்," என்றார் தலைவர், காலைத் தடவிக்கொண்டு. பிறகு குனிந்து பார்த்தார். "நல்ல வடிவு."

ஆனந்தராஜா தலைவரின் முகத்தைப் பார்த்தார். வடிவு என்று சொன்னவரின் கண், தாராவின் தலையில் நிற்கவில்லை. நெஞ்சில் நின்றது, பிறகு தொடையில் நின்றது.

"பத்திரமாய்த் திருப்பித் தருவியளோ?"

"என்ன கதை கதைக்கிறியள்? அவர்தானே பிரதம விருந்தினர்!"

சொன்னபடியே நடந்தது. மங்கல விளக்கு ஏற்றப்பட்டது. பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. கைதட்டலில் வெருண்ட விருந்தினர், மேசை விரிப்பின் மேல் தமது ஏற்புரையை வழங்கினார். அதைத் துடைத்தெடுத்த பின் சிறப்புரை தொடங்கியது.

பேசியவர் ஓகூஸ் நகரிலிருந்து வந்த சீதாராமன். தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை. முன்பு அமெரிக்காவில் ஒன்றரை வருடம் குளிர்காய்ந்தவர் என்பதால் அந்நாட்டின் சகல துறைகளுக்கும் அவரே நிபுணர். ஆனந்தராஜா தாராவை மடியில் அமர்த்தியபடி முன்வரிசையில் இருந்தார்.

"அந்தக் காலத்து ஓவியர்களுக்குப் பறவைங்கன்னா உயிர்," என்று உருகினார் சீதாராமன். "ஆனா கேமரா கிடையாது. பறவையும் ஓரிடத்துல நிக்காது. அதனால சுட்டு, உடம்புக்குள்ள கம்பி விட்டு, பறக்கிற மாதிரி பலகையில நிறுத்தி வரைஞ்சாங்க. படத்தைப் பாத்தீங்கன்னா அப்படியே உயிரோட இருக்கும்!"

"சுடுறதுக்கு முன்னமும் அப்பிடித்தானே இருந்திருக்கும்?" என்றார் ஆனந்தராஜா.

"கேள்விகள் கடைசில, சார்."

அடுத்துக் காட்டெருமை. மந்தை மந்தையாக அது சுட்டு வீழ்த்தப்பட்ட நாட்களில், ஓவியர்கள் தூரிகையோடு மேற்கே ஓடி, முடிந்துபோவதற்குள் வரைந்தார்களாம். எருமை குறையக் குறைய எருமைப் படத்துக்கு மதிப்பு ஏறியதாம். கலை வளரும் விதத்தை எண்ணிச் சபை மெய்சிலிர்த்தது.

பிறகு வந்தது முத்திரை.

"அங்க வாத்து சுடணும்னா, வாத்துப் படம் போட்ட ஸ்டாம்ப் வாங்கியே ஆகணும். வருஷா வருஷம் அந்தப் படத்துக்கு நாடு பூரா போட்டி! அதுல வர்ற காசுல சதுப்பு நிலம் வாங்கி வாத்தைக் காப்பாத்துறாங்க."

"என்னத்துக்குக் காப்பாத்துகினம்?"

"அழிஞ்சிடக் கூடாதுல்ல சார்?"

"அழிஞ்சால்?"

"அப்புறம் சுடறதுக்கு..." சீதாராமன் கொஞ்சம் நின்றார். "அடுத்த ஸ்லைட் போடுங்க."

மேடையில் போட்டி தொடங்கியது. வரலாறு கண்முன்னே திரும்பவும் நிகழ்ந்தது: பறவை ஓரிடத்தில் நிற்கவில்லை. தூரிகை கழுவும் தண்ணீரைக் குடித்தது. நீலச் சாயத்தை மிதித்து, மூன்று பேரின் ஓவியங்களில் நடந்து அவற்றை முழுமைப்படுத்தியது. செயற்குழு திரைக்குப் பின்னால் அவசரமாகக் கூடி, 'பிரதம விருந்தினரின் அசைவின்மையை உறுதிசெய்தல்' என்ற தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது.

அந்த நேரம் பார்த்து, விருந்துக்குப் பொறுப்பான மேரிசெலின் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அகப்பையோடு வந்தார்.

"தலைவர், வெங்காயம் வதங்கீட்டுது. தாராவை எப்ப தருவியள்?"

மண்டபம் அடங்கியது. தாராகூட அடங்கியது.

"எந்தத் தாராவை?" ஆனந்தராஜா எழுந்தார்.

"கோவியாதேங்கோ அண்ணை," என்றார் செல்வரட்ணம். "படம் கீறி முடிச்ச பிறகுதானே? ஒரு மரபு எண்டு இருக்கெல்லோ. இந்தத் தம்பி இவ்வளவு நேரமும் அதைத்தானே விளங்கப்படுத்தினவர்?"

"ஐயோ, நான் ஹிஸ்டரி சொன்னேன் சார்!" என்று அலறினார் சீதாராமன். "மெனு சொல்லல!"

"உங்களுக்கு ஒரு தொடை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறன் அண்ணை," என்று பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார் தலைவர்.

ஆனந்தராஜா மேடைக்குப் போனார். தாராவைப் பொன்னாடையோடு சேர்த்துத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கினார்.

"படத்தையாவது ஒருக்கால் பாத்திட்டுப் போங்கோ! அப்பிடியே உயிரோடை இருக்கிற மாதிரிக் கீறியிருக்கிறாங்கள்!" என்று பின்னாலிருந்து கத்தினார் தலைவர்.

"ஐசே, நானும் கனகாலம் பண்டி வெட்டினனான்," என்றார் ஆனந்தராஜா, வாசலில் நின்று. "அங்கை ஒருத்தனும் பண்டிக்குப் பொன்னாடை போர்த்தேல்லை. வடிவு எண்டும் சொல்லேல்லை."

கதவைக் காலால் தள்ளித் திறந்து, பேருந்துத் தரிப்பை நோக்கி நடந்தார். கக்கத்திலிருந்து பச்சைத் தலை ஒருமுறை எட்டிப் பார்த்தது. அவர் திரும்பவில்லை. பின்னால், ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் தழுதழுத்தது:

"அன்பார்ந்த கலை நெஞ்சங்களே! தவிர்க்கமுடியாத காரணத்தால் வனவிலங்கு ஓவியப் போட்டி இத்துடன் நிறுத்தப்படுகிறது. விலங்கு உயிரோடு இருக்கிறது."